எட்டுக்கு ஒன்று

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
முந்நூற்றைம்பது சொன்னார் ஜெய்லானி.
துரை வீட்டுப் பெட்டிம்மா, கப்பலில் வந்தது,
ஆணிகூட பிரெஞ்சு ஆணி.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் நீல மையில்
சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனி.
இருநூற்றுப் பத்தில் முடிந்தது.
முத்தியால்பேட்டை வரை டெம்போவில்
மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து ஆள் தும்மிக்கொண்டே வந்தார்.

தேன்மெழுகு எங்கள் பட்டறையில் கிடைக்கும்.
சனிக்கிழமை கூலி வாங்கியதும்
உடைந்தது, திரி விலகியது
எடுத்துக்கொள்ளலாம்.
குங்கிலியம் நாட்டு மருந்துக் கடையில்.
எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு,
அப்போதுதான் இறுகும், வெயிலில் பிசுக்காது.
வாரத்தில் ஆறு நாள்
யாரோ வெட்டிய அச்சில் ஊற்றுகிறேன்.
ஞாயிறு மட்டும்
இழுத்த பக்கமெல்லாம் இழுப்பேன்.

உப்புத்தாள் தேய்த்து, ஒரு பூச்சு பூசி,
ஒட்ட ஒட்ட மேலே இன்னொரு பூச்சு.
மகன் ஏழாவதில் சேர்த்து
எட்டாவதில் கைவிட்ட தீப்பெட்டிப் படங்கள்:
கப்பல், இரட்டைக் கிளி, ஒரு மயில்.
நின்றுபோன கல்யாணத்தின் பத்திரிகையில்
நின்றுபோகாத தாமரை.
இஸ்திரிப்பெட்டியை லேசாகச் சூடாக்கி
பெட்டியைப் பெட்டியால் தேய்த்தேன்.
(மறுநாள் பள்ளிக்கூடச் சட்டையில்
திட்டுத் திட்டாக வந்தது வேறு கதை.)

மூடிக்கு நடுவில்
வெளிறின நீலம் வேண்டியிருந்தது.
அலமாரியில் தேடி
கேஸ் ரசீது ஒன்றை எடுத்தேன், ஆடி மாசத்தது.

மெழுகு குடித்த தாள்
எதையும் மறைக்காது,
மழையில் நனைந்த வேட்டி மாதிரி.
ரசீதின் முதுகிலிருந்து
எழுத்து மேலே வந்தது, இடவலம் மாறி.
பால்பாயிண்ட் பேனா.
ஏழுக்கு நடுவே கோடு போடும் கை
எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

குளியலறை ஆணியிலிருந்து
முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து
எதிரே பிடித்தேன்.
பால். டியூஷன். மோட்டார் ரிப்பேர் எழுநூறு.
கண்ணாடி ஆயிரத்து எண்ணூறு,
அதன்மேல் ஒரு கோடு.
அடித்த பிறகு கூட்டல் சரியாக வந்திருந்தது.

கண்ணாடியாகிப்போன தாளில் இருந்த கண்ணாடியை
கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.
தமிழில் ஏன் இதற்கு
மூன்று சொல் வைக்கவில்லை என்று
கொஞ்ச நேரம்
அதன்மேல் கோபப்பட்டேன்.

ஆடியிலிருந்து இப்போது மாசி.
சங்கரா வேண்டாம், முள், என்றார்.
நாக்கு மாறிவிட்டதென்று நினைத்தேன்.
காலையில் பேப்பரை மகனிடம் கொடுத்து
சத்தமாகப் படிடா என்பார்.
பாசம் என்று நினைத்தேன்.
பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்,
விழுப்புரம் வண்டி உள்ளே நுழைந்தால்
கண்டக்டரிடம் நம்பரைக் கேட்டு எழுதுகிறாராம்.
மரியாதை என்று
அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ரசீதை எடுத்துவிடலாமென்று
மறுபடி சூடு காட்டினேன்.
அது வரவில்லை.
மயில்தான் அரை விரல் நகர்ந்தது.
தோகை ஓரம் மடங்கிக்கொண்டது.
விட்டுவிட்டேன்.

ஒன்பதரைக்கு வேதகிரி வந்தார்.
பெட்டியை வாங்கி
கை நீட்டிப் பிடித்தார்.
கை போதவில்லை.
நீ பிடி, கொஞ்சம் தள்ளி நில்லு என்றார்.
நின்றேன்.
இன்னும் கொஞ்சம்.
பிரிட்ஜ் முதுகில் இடித்தது.

அவர் எழுதியதற்கும் அவருக்கும்
நடுவில் ஒரு கூடம்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
கோழி நல்லா வந்திருக்கு, என்றார்.

என் இரண்டு கையும் பெட்டியில் இருந்தன.
ஆமாம், என்றேன்,
நாட்டுக்கோழி.